கடலின் கையொப்பம்

ஹப்போ யான்சன் தன்னை ஒருநாளும் எழுத்தாளன் என்று நினைத்தவனில்லை. கடலோர ஊரான ஹார்க்கசீலின் மதகைத் திறப்பதும் மூடுவதும்தான் அவன் வேலை. கடல் ஏறும்போது மூடவேண்டும், இறங்கும்போது திறக்கவேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூடப் பிசகியதில்லை. ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்து வேறு வேலை ஓடாமல், இணையத்தில் ஒரு பக்கம் போட்டுவைத்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கடல் வற்றுகிற நேரம் பார்த்து எங்கள் கரையிலிருந்து லூட்டம் தீவுக்கு நடந்தே போய்விடலாம். வழியெல்லாம் சேறு. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ஓர் ஓடை குறுக்கே ஓடும். கடல் வற்றினாலும் அது வற்றாது. எங்கே இறங்கினால் முழங்கால், எங்கே இறங்கினால் ஆள் முழுகும் என்பது தெரிந்தவனுக்குத்தான் தெரியும். ஹப்போவின் பக்கம் அதை நாலு வரியில் சொன்னது. கடல் முழுதாய் வற்றுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே கிளம்பு. ஓடைக்கரையில் உடைந்த படகின் சட்டம் தெரியும். அதற்கு இடப்பக்கமாகக் கட. தண்ணீர் முழங்காலுக்கு மேலே வந்தால் திரும்பிவிடு. அவ்வளவுதான்.

வசந்தம் வந்ததும் நீண்ட கழியை எடுத்துக்கொண்டு போய் ஓடையின் ஆழம் பார்ப்பான். மாறியிருந்தால் அன்று சாயங்காலமே பக்கத்தில் மாற்றிவிடுவான். யாரும் அவனைக் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் நன்றி சொன்னதுமில்லை. அதனால்தான் அது பதினோரு வருஷம் ஒழுங்காக நடந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஒருநாள் அவன் மனைவி இன்ஸா, தான் வேலை பார்க்கும் ரொட்டிக்கடையிலிருந்து ஒரு பயணப் பத்திரிகையைக் கொண்டுவந்து தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் பொத்தென்று போட்டாள். ஹப்போவின் நாலு வரியும் அதில் அச்சு அசலாக இருந்தது. கீழே, ‘எங்கள் பயண நிருபர்’.

“கால்ல ஒரு பொட்டு சேறு பட்டிருக்குமா அந்த ஆளுக்கு?” என்றாள் இன்ஸா. “பேர் அவனுக்கு, கழி பிடிக்கிறது நீயா?”

ஹப்போ அதை இரண்டு தரம் படித்தான். “வழி சரியாத்தான் போட்டிருக்கான்” என்றான்.

அவனுக்கு அவ்வளவுதான் வேண்டும். அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த வருஷம் பார்த்துத்தானா ஹனோவர் நகரத்தில் அந்த மன்றம் முளைக்கவேண்டும்! ‘வலையறிவு ஆசிரியர் மதிப்பளிப்பு மன்றம்’ என்று பெயர். இணையத்தில் அறிவைப் பகிர்ந்துகொள்கிறவன் பெயரும் ஊதியமும் இல்லாமல் போகக்கூடாது, இனி ஒவ்வொரு ஆசிரியரையும் கண்டுபிடித்துத் தலையில் மகுடம் வைக்காமல் ஓயமாட்டோம் என்று செய்தித்தாளில் முழுப்பக்கம் அறிவித்தார்கள். இன்ஸா அன்றைக்கே விண்ணப்பம் போட்டாள்.

முதல் பதில் ஆறு வாரத்தில் வந்தது. தங்கள் படைப்பில் முந்நூற்றுப் பத்து எழுத்துகளே உள்ளன. மன்றத்தின் விதிப்படி அறிவு என்பது இரண்டாயிரம் எழுத்துகளில் தொடங்குகிறது. அதற்குக் குறைந்தது படைப்பு ஆகாது, அதற்கு ஆசிரியரும் இருக்கமுடியாது. ஆகவே தாங்கள் இதை எழுதியிருக்க வாய்ப்பில்லை என்று வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து அறிவை நீட்டினார்கள். கம்பளிக் காலுறை நல்லதா பருத்தி நல்லதா என்று ஒரு பத்தி. நாயைக் கூட்டிப் போகலாமா என்று ஒரு பத்தி. தீவில் ரொட்டிக்கு வெண்ணெய் அதிக விலை, கையோடு கொண்டுபோவது உத்தமம் என்று இன்ஸா சேர்த்தாள். கடற்காக்கைகளின் குணம் பற்றி ஹப்போ எழுதியது மட்டும் அறுநூறு எழுத்து. கடைசியில் இரண்டாயிரத்துப் பதினொன்று வந்தது. ஓடையை எங்கே கடப்பது என்பது காலுறைக்கும் காக்கைக்கும் கீழே, வெண்ணெய்க்குச் சற்று மேலே கிடந்தது.

மன்றத்துக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. உடனே ஏழாம் படிவத்தை அனுப்பினார்கள். அதில் ஒரே கேள்வி: இந்த அறிவைத் தாங்கள் யார் யாரிடமிருந்து பெற்றீர்கள்? ஒருவர் விடாமல் குறிப்பிடவும்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரன் எவனும் விழுகிற குழியில் ஹப்போ விழுந்தான். இந்தக் கரையில் படிவத்தில் பொய் எழுதுகிற பழக்கம் கிடையாது. கேட்டதற்குப் பதில், கூடவும் இல்லை குறையவும் இல்லை. வேறு ஊராக இருந்தால் ‘சொந்த அனுபவம்’ என்று ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். ஹப்போ பேனாவைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் யோசித்து மூன்று பெயர் எழுதினான். இறால் மீனவர் ஃபோக்கோ டிர்க்ஸ், காலமானார். ஃபோக்கோவின் தகப்பனார், காலமானார். கடல்.

“கடலா?” என்றாள் இன்ஸா.

“ஃபோக்கோ சொல்லிக்குடுத்தது பாதிதான். மீதி அதுகிட்டதான் கத்துக்கிட்டேன். ஒருத்தர் விடாமன்னு கேட்டிருக்கான்ல?”

சான்றிதழ் தங்க முத்திரையோடு வந்தது. ஆசிரியர்கள் நால்வர். கடல், ஹார்க்கசீல்: நாற்பது சதவீதம். ஃபோக்கோவுக்கும் தகப்பனாருக்கும் சேர்த்து நாற்பத்தைந்து. யான்சன், ஹ.: பதினைந்து சதவீதம். இன்ஸாவுக்கு முகம் சுண்டிப்போனாலும், ஒன்றுமில்லாததற்குப் பதினைந்து மேல் என்று சட்டம் போட்டு மாட்டினாள். கூடவே ஒரு கடிதம்: இப்படைப்பு இனி மன்றத்தின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும். தங்கள் பக்கமும், பயணச் செயலிகளும், தீவின் விடுதிகளும் அங்கிருந்தே அதைக் காட்டும். இனி ஒருவரும் இதில் ஒரு புள்ளியைக்கூடத் திருடவோ திருத்தவோ முடியாது.

திருடவோ திருத்தவோ. அந்த இரண்டும் மன்றத்துக்கு ஒன்றுதான் என்பது ஹப்போவுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஜனவரியில் புயல் அடித்தது. மூன்று நாள் கடல், ஊரைக் காக்கும் அணைமேட்டின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. மார்ச்சில் ஹப்போ கழியோடு போய்ப் பார்த்தபோது, படகுச் சட்டத்துக்கு இடப்பக்கம் கழி முழுக்க உள்ளே போயிற்று, அடி தட்டவில்லை. கரை வேறு சுவர் மாதிரி செங்குத்தாக அறுபட்டிருந்தது. இறங்கினவன் ஏறமுடியாது. வலப்பக்கம் முந்நூறு தப்படி போய்ப் பார்த்தான். முழங்கால்தான். வீட்டுக்கு வந்து சேற்றுக் காலோடு கணினி முன்னால் உட்கார்ந்தான். ‘இடப்பக்கமாக’ என்பதை ‘வலப்பக்கமாக’ என்று மாற்றவேண்டும். ஒரே வார்த்தை.

பக்கம் அசையவில்லை. மேலே தங்க முத்திரை மினுங்கிக்கொண்டிருந்தது.

தொலைபேசியில் கிடைத்தவர்கள் எல்லாரும் மரியாதையானவர்கள், அதைச் சொல்லிவிடவேண்டும். முதல் ஆள், ஒரு வார்த்தையை மாற்றினால் அது புதிய படைப்பு ஆகாது, மூன்றில் ஒரு பங்காவது மாறவேண்டும் என்றார். ஹப்போ காக்கைகளைத் தூக்கிவிட்டு நண்டுகளைப் போட்டு அனுப்பினான். இரண்டாவது ஆள், இது ஹ. யான்சன் என்பவரின் படைப்பைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறதே என்று சந்தேகப்பட்டார். நான்தான் அந்த யான்சன் என்றான் ஹப்போ. அப்படியானால் குற்றம் இன்னும் கடுமை என்றார் அவர். அந்நியன் தெரியாமல் செய்வான், தங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். மூன்றாவதாகக் கிடைத்த பெண்தான் வழி சொன்னாள். ஆசிரியர்கள் நால்வரும் கையொப்பமிட்டுக் கேட்டால் ஒரு வார்த்தையை மாற்றலாம்.

ஃபோக்கோவின் மகள் ஐந்தே நிமிஷத்தில் அப்பனுக்கும் பாட்டனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பாக்கி இருந்தது கடல்தான். அதற்கு மன்றமே பதிவுத் தபால் அனுப்பியது: ‘திருமிகு கடல், ஹார்க்கசீல்’. தபால்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அணைமேட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, உங்களுக்குத்தான் பழக்கம் என்று ஹப்போவின் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். பதில் சொல்ல ஆறு மாதம் அவகாசம் என்று உறைமேல் போட்டிருந்தது.

ஈஸ்டருக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஈஸ்டர் விடுமுறையில் ஒரு நாளைக்கு நூறு பேர் சேற்றில் இறங்குவார்கள். ஹப்போ காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு ஹனோவருக்கு ரயிலேறினான்.

ஆசிரியர்களைத் தீர்மானிக்கும் பிரிவின் தலைவர் முனைவர் ஸ்ட்ரூக்மன் அம்மையார். ஐந்தாவது மாடியில், பெரிய சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஹப்போ சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். தண்ணீர்கூடக் கொடுத்தார்.

“யான்சன் ஐயா, நீங்க வாசகரைப் பத்தியே பேசறீங்க” என்றார். “வாசகர் இன்னிக்கு வருவார், நாளைக்குப் போவார். ஆசிரியரோட உரிமை, அவர் செத்தும் எழுபது வருஷம் நிக்கும். எது நிக்குமோ அதைத்தானே நாங்க காப்பாத்தணும்?”

“ஆள் முழுகிடுவாங்கம்மா.”

“முழுகறவர் ஏதாவது எழுதியிருந்தார்னா அவர் உரிமையையும் காப்பாத்துவோம். அதே எழுபது வருஷம். நாங்க பாகுபாடு பாக்கறதில்ல.”

ஹப்போ தொப்பியைக் கையில் உருட்டினான். “ஒரே ஒரு வார்த்தைதான்” என்றான்.

“இன்னிக்கு உங்களுக்கு ஒரு வார்த்தைன்னு விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து எழுதினதைச் சரி பண்ண ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் எங்க முத்திரைக்கு என்ன மதிப்பு? அதோட, கடல் உங்க சக ஆசிரியர்னு எழுதிக் குடுத்தது நீங்க. நாற்பது சதவீதம் அவருக்கு. இப்ப அவர் முதுகுக்குப் பின்னால மாத்துங்கறீங்க. இது உங்களுக்கே நல்லா இருக்கா?”

“அது கடலும்மா.”

“அதனால? வாயில்லாத ஆசிரியர்களுக்காகத்தானே மன்றம் இருக்கு” என்றார் அம்மையார். அவர் கண் லேசாகக் கலங்கியதை ஹப்போ பார்த்தான். அந்த அம்மாள் நடிக்கவில்லை. அதுதான் அவனுக்கு ரயிலில் திரும்பும்போது பயமாக இருந்தது.

ஈஸ்டர் வந்தது. கடல் இறங்க ஆரம்பிக்கும்போதெல்லாம் ஹப்போ அணைமேட்டின் படிக்கட்டில் போய் நின்றான். அவன் மதகுக்குப் போகவேண்டிய நேரத்தில் இன்ஸா நின்றாள். வருகிறவர்களை நிறுத்தி, இடப்பக்கம் போகாதீர்கள், வலப்பக்கம் என்று சொன்னார்கள். பாதிப்பேர் கேட்டுக்கொண்டார்கள். மீதிப்பேர் கைபேசியை எடுத்துக் காட்டினார்கள். முத்திரை குத்தின பக்கம், நாலு ஆசிரியர்கள், அதில் இடது என்றிருக்கிறதே, நீ யார்? நான்தான் எழுதினவன் என்று ஹப்போ சொன்னால், நாலு பேரில் எந்த ஆள் என்று கேட்டார்கள். பதினைந்து சதவீதம் என்றான் அவன். அதைக் கேட்டபிறகு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

திங்கட்கிழமை காலை கஸல் நகரத்திலிருந்து ஓர் அப்பனும் மகளும் வந்தார்கள். லூட்ஸ் என்று பெயர், பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணுக்குப் பத்து வயதிருக்கும், மெரெட். அப்பனின் கைபேசி ஒளி ஊடுருவும் நீர்புகா உறையில் கழுத்தில் தொங்கியது. ஹப்போ சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ரொம்ப நன்றி, ஆனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதே இதுதான், வழியில் போகிறவர் வாய்ப்பேச்சை நம்பாதே, சரிபார்த்த ஆதாரத்தைப் பார் என்று சொல்லிவிட்டு இறங்கினார். தப்பான பாடமில்லை. நானும் என் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொன்னேன்.

மதகு திறக்க நேரமாகிவிட்டது. ஹப்போ சக்கரத்தில் கை வைத்தபடி பார்த்தான். ஒரு சிவப்பு மேலங்கி, ஒரு சின்ன மஞ்சள் மேலங்கி, இரண்டும் படகுச் சட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் மதகை அப்படியே விட்டான். கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் மேலங்கி தண்ணீருக்கு மேலே தெரியவில்லை. அப்பன் கழுத்தளவில் தத்தளித்துக் கத்திக்கொண்டிருந்தார். ஹப்போ கயிற்றைப் படகுச் சட்டத்தில் கட்டிவிட்டுத் தண்ணீரில் குதித்தான். பெண்ணை இழுத்துக் கரைமேல் போட்டுவிட்டு அப்பனுக்காக மறுபடி இறங்கினான். சுவர் போன்ற கரையில் இரண்டு தரம் வழுக்கி மூன்றாம் தரம் அவரை ஏற்றினான். பெண் வாந்தியெடுத்தது, அழவில்லை, பேசவும் இல்லை. அப்பனின் கழுத்து உறைக்குள் பக்கம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தங்க முத்திரை, இடப்பக்கமாகக் கட, வெண்ணெய் அதிக விலை.

அணைமேட்டில், மருத்துவ வண்டியின் கதவு மூடுவதற்கு முன்னால், போர்வைக்குள்ளிருந்து லூட்ஸ் கேட்டார்: “இதை எழுதினது யாரு?”

“நான்தான்” என்றான் ஹப்போ.

பெண் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்துக்கொண்டது. ஹப்போ அந்த ஐந்து நாளும் சாப்பிடவில்லை. “நான் எழுதின வார்த்தை அந்தப் பிள்ளையக் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிருக்கு இன்ஸா” என்றான். அவள் சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகினாள். ஆரம்பித்துவைத்தது நான்தானே என்று சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு. அழுதாள்.

மன்றத்துக்கு விபத்தைப் பற்றி எழுதினார்கள். வாசகர் குறைகளுக்குத் தனிப் பிரிவு ஒன்று அடுத்த ஆண்டு தொடங்கவிருப்பதாகப் பதில் வந்தது. ஆனால் அந்தக் காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் வேறொரு வரி இருந்தது. இன்ஸாதான் பார்த்தாள். அறிவுத் திருட்டு குறித்த புகார்கள் மீது ஒரே நாளில் நடவடிக்கை எடுக்கப்படும்.

மறுநாள் காலை ஹப்போ திருட்டுப் புகார்ப் படிவத்தை நிரப்பினான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படிவத்தில் பொய் எழுதுகிறோமோ என்று பேனாவை ஒரு தரம் கீழே வைத்தான். யோசித்துப் பார்த்ததில் முழுப் பொய் என்று சொல்லமுடியாது என்று தோன்றியது. திருடியவர்: ஹப்போ யான்சன். பறிகொடுத்தவர்: கடல். சாட்சி: இன்ஸா யான்சன்.

மூன்று மணி நேரத்தில் பக்கம் போய்விட்டது. மூன்றே மணி நேரம்! திருட்டுப் பிரிவின் அதிகாரி தாமே தொலைபேசியில் கூப்பிட்டு, இவ்வளவு நேர்மையான திருடரைத் தாம் கண்டதில்லை என்று பாராட்டினார். தண்டனை லேசானதுதான். அந்த ஓடையைப் பற்றி இரண்டு வருஷத்துக்குப் படைப்பு எதுவும் எழுதக்கூடாது. பெயர் திருடர் பட்டியலில் வெளியாகும். வெளியானது. ஹப்போ யான்சன், ஹார்க்கசீல். பங்காளிகள் இல்லாமல், சதவீதம் இல்லாமல், நூற்றுக்கு நூறும் அவன் ஒருவன் பெயரே. ரொட்டிக்கடையில் ஒரு பெண்மணி சில்லறையை எண்ணிக்கொண்டே, உன் வீட்டுக்காரர் பெரிய ஆளாயிட்டாராமே என்று இன்ஸாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாயிரம் எழுத்துக்குக் குறைவாக எழுதினால்? ஹப்போ அதையும் கேட்டுவைத்திருந்தான். அது படைப்பே இல்லையே, அதில் எங்களுக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டார் அதிகாரி. ஹப்போ அணைமேட்டுப் படிக்கட்டின் பக்கத்தில் ஒரு பலகையை நட்டு வெள்ளைச் சாயத்தில் எழுதினான்: ‘ஓடை இடம் மாறிவிட்டது. உடைந்த படகுக்கு இடப்பக்கம் இறங்காதே. வலப்பக்கம் முந்நூறு தப்படி.’

“கீழ உன் பேரைப் போடு” என்றாள் இன்ஸா.

“பேர் போட்டுப் பட்டது போதும்.”

கோடை முழுக்க அந்தப் பலகை நின்றது. யாரும் முழுகவில்லை.

செப்டம்பர் கடைசியில் மறுபடி புயல். ஹப்போ கழியோடு போனான். வலப்பக்கமும் சரிந்திருந்தது, ஓடை இரண்டாகக் கிளைத்து எங்கே இறங்கினாலும் விழுங்குகிற நிலையில் கிடந்தது. திரும்பி வந்து பலகையைச் சுரண்டிவிட்டு எழுதினான்: ‘இந்த வருஷம் எந்தப் பக்கமும் கடக்காதே. படகில் போ.’ அரை மணி நேர வேலை.

அக்டோபர் முதல் வாரம் மன்றத்திலிருந்து கனமான உறை வந்தது. சக ஆசிரியர் கடல் அவர்கள் ஆறு மாத அவகாசத்தில் மறுப்பேதும் தெரிவிக்காததால், அவரது மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது. பறிகொடுத்தவரே சம்மதித்துவிட்டபடியால் திருட்டு நடைபெறவில்லை என்று முடிவாகித் தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. தங்கள் மார்ச் மாதக் கோரிக்கையின்படி ‘இடப்பக்கமாக’ என்ற சொல் ‘வலப்பக்கமாக’ என்று திருத்தப்பட்டு, பக்கம் இன்று காலை முதல் எல்லாச் செயலிகளிலும் மீண்டும் வெளியிடப்பட்டுள்ளது. மன்றம் யாரையும் கைவிடுவதில்லை. ஒப்பம், முனைவர் ஸ்ட்ரூக்மன்.

ஹப்போ அதை மேசைமேல் வைத்தான். “வலதுன்னு மாத்திட்டாங்களாம்” என்றான்.

இன்ஸா சன்னல் திரையை விலக்கினாள். இலையுதிர்கால விடுமுறை தொடங்கியிருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் அணைமேட்டுக்குக் கீழே மூன்று கார்கள் நின்றன.

ஹப்போ படிக்கட்டுக்குப் போனபோது இரண்டு இளைஞர்கள் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எவனோ விளையாட்டுக்கு எழுதினது, பேர்கூட இல்லை பார் என்றான் ஒருவன். மற்றவன் கைபேசியில் முத்திரையைக் காட்டினான். ஹப்போவுக்கு வந்த கோபம் அவர்கள் மேலே இல்லை. பெயர் எதற்கு என்று அவனுக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. மகுடத்துக்கும் இல்லை, சதவீதத்துக்கும் இல்லை. தப்பாக இருந்தால் வந்து சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான். வீட்டுக்குப் போய்ச் சாயத்தை எடுத்துவந்து அவர்கள் கண் முன்னாலேயே பலகையின் கீழே எழுதினான்: ‘எழுதியவன் ஹப்போ யான்சன், மதகு வீடு. சந்தேகமிருந்தால் கதவைத் தட்டு.’

அன்று பதினோரு பேர் தட்டினார்கள். எல்லாருக்கும் கழியைக் காட்டி, அதில் சேறு ஏறியிருக்கும் உயரத்தைக் காட்டி அனுப்பினான். பன்னிரண்டாவதாக வந்தவர், முதுகில் பையும் காலில் புது ரப்பர் காலணியுமாக, முனைவர் ஸ்ட்ரூக்மன் அம்மையார்.

வந்தவர் யாரென்று தெரிந்தும் இன்ஸா தேநீர் வைத்தாள். இங்கே அது விட்டுப்போகாது. அம்மையார் கோப்பையில் கரண்டியைப் போட்டுக் கலக்கினார். எங்கள் கரையில் தேநீர்மேல் மிதக்கும் பாலாடையைக் கலக்குவது பெரிய குற்றம், இன்ஸா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

“வெளில பலகையைப் பாத்தேன்” என்றார் அம்மையார். “எண்ணிப் பாத்துட்டேன், நூறு சொச்சம் எழுத்துதான். அது படைப்பில்ல. நீங்க பயப்படாதீங்க.”

“நான் பயப்படலைம்மா.”

இரண்டாவது கோப்பை ஊற்றப்பட்டது. அம்மையார் சன்னலைப் பார்த்தார், கழியைப் பார்த்தார். “எங்க அக்கா தீவுல காத்துக்கிட்டிருக்கா” என்றார். “நடந்து போகலாம்னு கிளம்பினேன். எந்தப் பக்கம் இறங்கணும்?”

“உங்க பக்கத்துல வலதுன்னு இருக்கே” என்றான் ஹப்போ. “முத்திரையோட.”

அம்மையார் கைபேசியை எடுக்கவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்தார். “அது ஆவணம், யான்சன் ஐயா” என்றார் மெதுவாக. “நான் வழி கேக்கறேன்.”

ஹப்போ சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான்.

“எந்தப் பக்கமும் இல்லம்மா. மூணு மணிக்குப் படகு இருக்கு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு மூன்றாவது கோப்பையையும் குடித்தார். கிளம்பும்போது, அந்தப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று இன்ஸா வாசல்வரை வந்து கெஞ்சினாள். எடுக்கலாம், கட்டாயம் எடுக்கலாம் என்றார் அம்மையார். நால்வரும் கையொப்பமிட்டுக் கேட்கவேண்டும், கடலுக்கு நானே அவசரத் தபாலாக அனுப்பச் சொல்கிறேன், ஆறு மாதம்தான். சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் வேகமாக நடந்தார்.

மேட்டுக்குக் கீழே நாலாவது கார் வந்து நின்றது. கதவு திறந்தது. கைபேசி வெளிச்சம் முதலில் தெரிந்தது, அப்புறம் ஆட்கள், அப்புறம் இரண்டு பிள்ளைகள். ஹப்போ காலணியை மாட்டிக்கொண்டு கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டான். மதகு திறக்க இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.